அந்தக் கல்லில் இருக்க வேண்டிய பெயர்

செந்தில்,

நீயும் ரேவதியும் வேலைக்குப் போயாயிற்று. நிலாவைப் பள்ளிக்கூடத்து வாசலில் விட்டுவிட்டு நடந்து வந்து, உங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிக்கலாம். வாயால் சொல்ல மூன்று முறை முயன்றேன். முதல் முறை நீ கான்ஃபரன்ஸ் காலில் இருந்தாய். இரண்டாம் முறை சான் ஹோசேயிலிருந்து திரும்பும்போது ஃப்ரீவேயில் நெரிசல், நீ முன்னால் போகிற காரைத் திட்டிக்கொண்டிருந்தாய். மூன்றாம் முறை நீ சும்மாதான் இருந்தாய். எனக்குத்தான் நாக்கு எழவில்லை. முப்பத்தைந்து வருடம் தாலுகா ஆபீசில் எழுதிப் பிழைத்தவன் நான், எனக்குக் கொஞ்சமாவது துணிச்சல் இருக்கிறதென்றால் அது பேனாவில்தான். இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. நீ படித்து முடித்ததும், நுழைவாயிலுக்குப் பணம் போட்ட உன் நண்பர்கள் அத்தனை பேருக்கும் காட்டு. அவர்களும் படிக்க வேண்டும்.

போன சனிக்கிழமை நீ ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாய். "அப்பா, கல் ரெடி ஆயிருச்சு. மெயில்ல போட்டோ வந்துச்சு, பிரின்ட் எடுத்தேன், பாருங்க" என்று தோசைத் தட்டைத் தள்ளிவிட்டு என் முன்னால் வைத்தாய். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் கட்டிக்கொடுக்கும் நுழைவாயிலில் பதிக்கப்போகிற கறுப்புக் கல். சமஸ்தானத்தின் வரிக்கொடுமையை எதிர்த்து ஐந்து ஊர் உழவர்களைத் திரட்டி, களத்தில் முதல் முத்திரையை உடைத்த மாவீரர் என்று எழுதி, கீழே பெரிய எழுத்தில் உன் தாத்தா பொன்னையாவின் பெயர். அந்த வாசகத்தை நீயே எழுதினாய் என்று ரேவதி சொன்னாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். பிழை இல்லை, அந்தப் பெயரைத் தவிர. பொங்கலுக்கு மறுநாள் திறப்பு விழா, எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன் என்றாய். நான் வரவில்லை, இங்கேயே இருந்து நிலாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நிலாவும்தானே ஊருக்கு வருகிறாள், அப்புறம் யாரைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று நீ கேட்டாய்.

அப்போது நிலா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தன் வகுப்புக்காகப் பெரிய அட்டையில் படம் ஒட்டிக்கொண்டிருந்தாள். 'எங்கள் குடும்பத்து ஹீரோ' என்று டீச்சர் தலைப்புக் கொடுத்திருக்கிறாளாம். நெற்குவியல், அதைச் சுற்றி மண், பக்கத்தில் மீசை வைத்த கொள்ளுத்தாத்தா என்று எல்லாம் வரைந்திருந்தாள். திடீரென்று தலையைத் தூக்கி, "பட் தாத்தா, ஹூ டோல்ட் ஆன் தெம்?" என்று கேட்டாள். அவர்களை யார் காட்டிக்கொடுத்தது என்று கேட்கிறாள். இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்ட நீ ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. ஏரிப் பூங்காவில் என்னோடு காலையில் நடக்கிற ரிடையரான அப்பாக்கள், "சார், நீங்க போராட்டக் குடும்பமாச்சே" என்று எனக்குப் பெஞ்சில் இடம்விடுகிறவர்கள், அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நீ தோசையை மென்றுகொண்டே சொன்னாய்: "யாரோ ஒரு கெட்டவன், கண்ணா. எல்லா ஊர்லயும் ஒருத்தன் இருப்பான்." அவளும் சரியென்று தலையாட்டிவிட்டு மீசைக்குக் கறுப்படிக்கத் தொடங்கினாள். நான் எழுந்து என் அறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ஊரிலிருந்து குமரேசன் பேசினான். கட்டட வேலையைப் பார்த்துக்கொள்கிற நம் பங்காளி, உனக்குச் சித்தப்பா முறை. சிமென்ட், மணல், பந்தல் என்று எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, கெழக்குத் தெரு அஞ்சல அக்கா வந்துச்சு. கல்லு சாத்தி வச்சிருந்ததைப் பாத்துட்டு, அதுல என்ன எழுதியிருக்குன்னு பேத்திய வாசிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. அந்தப் புள்ள சத்தமா வாசிச்சுச்சு. முந்தானைய உதறிக்கிட்டுப் போயிருச்சு. நாந்தான் நெனச்சேன், ஏதாவது நாலு வார்த்தை வஞ்சிட்டுப் போயிருந்தாத் தேவலன்னு." இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. காரம் அதிகமா மாமா என்று ரேவதி கேட்டாள். பாவம், அவள் சமையலில் ஒரு குறையும் இல்லை.

நான் உனக்குச் சொன்ன கதையில் நடந்ததெல்லாம் உண்மை, செந்தில். ஆள் மட்டும்தான் வேறு. இப்போது ஆளோடு சேர்த்துச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் அப்போது சமஸ்தானத்தில் இருந்தது. நெல்லில் பாதி அரண்மனைக்கு. அறுத்து, அடித்து, தூற்றிக் களத்தில் குவித்ததும் குவியலைச் சுற்றி ஈரக் களிமண்ணை அப்பி, மரத்தில் செதுக்கிய அரண்மனை முத்திரையை நாலு பக்கமும் பதித்துவிடுவார்கள். மண் காய்ந்த பிறகு கைப்பிடி நெல் எடுத்தாலும் வெடிப்பு காட்டிவிடும். அரண்மனை அதிகாரி வந்து, அளந்து, தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் விளைவித்தவன் மீதியைத் தொடலாம். அவர் பத்து நாளிலும் வருவார், நாற்பது நாளிலும் வருவார். விளைவித்தவன் அதுவரை கண்ணெதிரே நெல்லை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டில் கேழ்வரகு கேட்டு நிற்க வேண்டும். ஒரு வருடம் முத்திரை வைத்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. நெல் குவியலிலேயே முளைத்துப் பச்சையாக நின்றது. வெயில் வந்த பிறகு வந்த அதிகாரி, உள்ளே காய்ந்து கிடந்ததையெல்லாம் அள்ளச் சொல்லிவிட்டு, "காஞ்சது அரமனைப் பங்கு, மொளச்சது ஒங்க பங்கு" என்றாராம். அந்த வருடம் எங்கள் ஊரில் பல வீடுகளில் குழந்தைகள் செத்தன.

அடுத்த தை மாதத்துக்குள் ஐந்து ஊர்களிலும் ஒரு ஆள் வீடு வீடாக நடந்திருந்தார். அவர் பெயர் சோலைமுத்து. கண்மாய்க்கரையை ஒட்டி மூன்று ஏக்கர் வைத்திருந்தவர். அரிவாள் எடுக்கக்கூடாது, அரண்மனைப் பங்கில் ஒரு மரக்கால்கூடக் குறையக்கூடாது, ஒரே நாள் விடியலில் எல்லாக் களத்திலும் முத்திரையை உடைப்போம், நம் பங்கை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவோம், அவர்கள் பங்கை வைக்கோல் போட்டு மூடிவைப்போம் என்பது அவர் போட்ட திட்டம். அப்படியே நடந்தது. முதல் முத்திரையை அவர் தன் களத்தில் காலால் உடைத்தார். மற்ற களங்களில் பெண்கள் விளக்குமாற்றால் அடித்தே மண்ணை உதிர்த்தார்கள். அரண்மனையின் பாதி நெல் ஐந்து ஊர்க் களங்களிலும் அளவு குறையாமல் காத்துக் கிடந்தது. அதற்குத்தான் அரண்மனைக்கு அவ்வளவு ஆத்திரம். திருடியிருந்தால் நாலு அடியோடு விட்டிருப்பார்கள்.

சிப்பாய்கள் வந்தார்கள். அடுப்பை இடித்தார்கள், பானையை உடைத்தார்கள், மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். முதலில் உடைத்தது யார் என்ற ஒரே கேள்வி. ஐந்து ஊரிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊரில் அரண்மனை முத்திரையைக் கையில் வைத்திருந்தவர், களம் களமாகப் போய் அதைப் பதிப்பதையே வேலையாகச் செய்தவர், உன் தாத்தா பொன்னையா. உன் காவலில் இருந்த முத்திரை உடைந்ததே, நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அவரைத்தான் முதலில் அரண்மனை அலுவலகமான கச்சேரியின் வாசல் மரத்தில் கட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் அவர் சொல்லிவிட்டார். பெயரைச் சொன்னார். சோலைமுத்து எந்த ஊரில், எந்த அக்காள் வீட்டில் ஒளிந்திருக்கிறார் என்பதையும் சொன்னார். சோலைமுத்து ஜெயிலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அவர் பெண்டாட்டிக்கு அப்போது ஆறு மாதம். பிறந்தவள்தான் அஞ்சலை. கண்மாய்க்கரை மூன்று ஏக்கர் விசுவாசத்துக்கு மானியம் என்று உன் தாத்தா பெயருக்கு எழுதப்பட்டது. நீ காலேஜ் படித்தது அந்த விளைச்சலில். நீயும் நானும் நம் வயல் என்று சொல்வது அதைத்தான். சில வருடம் கழித்துக் களத்தில் முத்திரை வைக்கும் வழக்கத்தையே அரண்மனை கைவிட்டது. சோலைமுத்து ஜெயித்துத்தான் செத்தார், ஆனால் அது அவருக்குத் தெரியாது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னதே உன் தாத்தாதான். எனக்குத் தாலுகா ஆபீசில் வேலை கிடைத்த வாரம், வெற்றிலையை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "நான் சொல்லலேன்னா என்னையும் தூக்கியிருப்பாக. நீ அப்பக் கைப்புள்ள. இப்ப ராஜாவும் இல்ல, அரமனையும் இல்ல. அவுக ஆளுக என்னைக்காவது மனுப் போட்டு வருவாக. நீ அங்கதான இருக்க, பாத்துக்க." எனக்கு வேலை கிடைத்ததில் அவருக்கு ஏன் அத்தனை சந்தோஷம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை. மரத்தில் கட்டப்பட்ட மனிதரை நான் என்ன சொல்ல? இன்றைக்கும் அவரை என்னால் வெறுக்க முடியவில்லை. அவருக்குப் பயப்படக் காரணம் இருந்தது.

எனக்கு ஒரு காரணமும் இல்லை. என்னை யாரும் எந்த மரத்திலும் கட்டவில்லை. மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ தவழ்ந்துகொண்டிருந்த வருடம் அஞ்சலை மனுவோடு வந்தாள். சமஸ்தானக் காலத்தில் பிடுங்கிய நிலத்துக்குப் பழைய பட்டாவைப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று யாரோ நன்றாகவே எழுதிக்கொடுத்திருந்தார்கள். நான் யார் மகன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் என்னிடமே நீட்டினாள். "அண்ணே, நீங்க படிச்சவுக. பழைய கணக்கத் தேடிப் பாத்தீகன்னா எங்கய்யா பேரு கெடைக்கும்." தேடவே வேண்டியதில்லை, அந்தப் பழைய பதிவேடு என் முதுகுக்குப் பின்னால் பீரோவில்தான் இருந்தது. சோலைமுத்து பெயர் இருந்த பக்கத்தை அதற்கு முன்பே ஒருநாள் நான் பார்த்திருந்தேன். மனுவை வாங்கி, வேறு ஒரு ஊரின் முடிந்துபோன பைல் கட்டுக்குள் வைத்துக் கட்டினேன். நாலு முறை வந்தாள். நாலு முறையும் பைல் கிடைக்கவில்லை என்றேன். கடைசி முறை என் முகத்தைப் பார்த்து, "சரிண்ணே. ஒங்களுக்குக் கெடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள். பஸ்ஸுக்குக் காசில்லாமல் பத்து மைல் நடந்தே வந்து போனாள் என்று பியூன் பிறகு சொன்னான்.

உன் அம்மாவுக்கு இது தெரியும். கல்யாணமாகி வந்த நாளில் தெரியாது, ஊர் எப்படியோ அவள் காதில் போட்டுவிட்டது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பொங்கலுக்கு அந்த வயல் நெல்லில் ஒரு மூட்டையைத் தைத்து, அஞ்சலை வீட்டுக்கு வண்டியில் அனுப்பிவைத்தாள். தையல்கூடப் பிரிக்காமல் அதே வண்டியில் திரும்பி வந்தது. உன் அம்மா, "பிச்சை போட்டா யாரு வாங்குவா" என்றாள். எனக்குச் சொன்னாளா, தனக்குத் தானே சொல்லிக்கொண்டாளா தெரியாது. அதற்கப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கல் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

உன்னிடம் சொன்ன பொய்க்கு வருகிறேன். உனக்கு ஏழு வயது. ஏதோ ஒரு சாயங்காலம் ராஜா கதை சொல்லு என்று நச்சரித்தாய். எனக்குத் தெரிந்த ஒரே ராஜா கதை இதுதான். களிமண், முத்திரை, விளக்குமாறு எல்லாம் சொன்னேன். நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய். பிறகு, "அதுல நம்ம தாத்தா எங்கப்பா இருந்தாரு?" என்றாய். அந்த நேரத்தில் தூக்கம் வருகிறது என்று சொல்லியிருக்கலாம். உனக்கு அதெல்லாம் பெரியவனானதும் சொல்கிறேன் என்றிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தேன். "அவருதான்டா மொதல்ல ஒடச்சாரு" என்று வாயில் வந்துவிட்டது. நீ அன்றைக்குத் தெருவெல்லாம் காலால் மண்கட்டியை உடைத்துக்கொண்டு திரிந்தாய். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பிறகு நீ பேச்சுப் போட்டியில் பேசினாய், காலேஜில் பேசினாய், இங்கே வந்து தமிழ்ச்சங்க மேடையில் பேசினாய். ஒவ்வொரு முறையும் நான் கைதட்டினேன். இந்தப் பொய்யைக் காவல் காத்துக் காத்து எனக்கு அலுத்துப்போய்விட்டது, செந்தில். உடம்பெல்லாம் அலுப்பு. மற்ற வயதானவர்களுக்கு வரும் அலுப்பு என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

அப்பன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன், இந்த அப்பனுக்கு அந்த உரிமை இன்னும் மிச்சமிருந்தால். பிள்ளைகள் கேட்கும்போது அவர்கள் முகம் மலர்கிற பதிலைக் கொடுக்காதே. நிலா உன்னைப் போல இல்லை. யார் காட்டிக்கொடுத்தது என்று கேட்கிற பெண் அவள். அவளுக்கு நீயே சொல், இன்றைக்கே சொல். அட்டையில் மீசையை அழிக்க வேண்டாம், சோலைமுத்துவுக்கும் மீசை இருந்திருக்கும். பெயரை மட்டும் மாற்றட்டும். நம் குடும்பத்து ஹீரோ இல்லையே என்று டீச்சர் கேட்டால், இல்லை என்று சொல்லட்டும். இன்னொன்று. நல்லது செய்யத்தான் நினைத்தாய். சனிக்கிழமைகளில் வீடு வீடாகக் காரை ஓட்டிப்போய் நண்பர்களைச் சேர்த்தாய், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பத்தாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு ஊருக்குக் கல் வெட்டும்போது, அந்தக் கல்லைத் தினமும் பார்க்கப்போகிறவர்களில் ஒருவரையாவது கேட்டிருக்க வேண்டாமா? ஹெட்மாஸ்டர் சரியென்றார் என்பாய். வாசல் கட்டித்தருகிறவனிடம் எந்த ஹெட்மாஸ்டர் இல்லை என்பார்? அஞ்சலையின் பேத்தி அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். தன் பூட்டனைக் காட்டிக்கொடுத்தவரின் பெயருக்குக் கீழே அவள் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நடக்க வேண்டும்.

உனக்கு இது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. யாருடைய பேரன் என்று இத்தனை வருடம் நெஞ்சை நிமிர்த்தினாயோ அவருடைய பேரன் இல்லை நீ. நண்பர்கள் முன்னால் தலைகுனிவு. அந்தத் தலைகுனிவை உனக்குக் கொடுத்தவன் நான். என்னைத் திட்டு, ஒரு மாதம் பேசாமல் இரு, அதற்கெல்லாம் நான் தயார். ஆனால் மூன்று காரியம் நடக்க வேண்டும். முதலாவது, கல்லில் சோலைமுத்துவின் பெயர் வர வேண்டும்; குமரேசனிடம் நேற்றே பேசிவிட்டேன், கல்லைத் திருப்பிச் சிற்பியிடம் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். அவன் திக்குமுக்காடிப் போனான், "செந்தில் என்னண்ணே சொல்லும்" என்று கேட்டான். செந்திலுக்கு நான் எழுதுகிறேன் என்றேன். இரண்டாவது, அந்த மூன்று ஏக்கர் அஞ்சலை பெயருக்குப் போக வேண்டும். பரம்பரைச் சொத்து என்று ஆகிவிட்டதால் உன் கையெழுத்தும் வேண்டும். பத்திர ஆபீசில் அதைத் தானம் என்றுதான் எழுதுவார்கள், வேறு வழி கிடையாது, நான் அறிவேன். அந்தச் சொல் பத்திரத்தில் இருக்கட்டும், நம் வாயில் வரக்கூடாது.

மூன்றாவது, எனக்கும் டிக்கெட் எடு. வருகிறேன். நான் வரமாட்டேன் என்றது நிலாவுக்காக இல்லை, அஞ்சலையின் முகத்துக்குப் பயந்து. விழா மேடையில் முதலில் நான் பேச வேண்டும். இப்போது உனக்கு எழுதியதை மைக்கில் சொல்வேன், கட்டுக்குள் வைத்துக் கட்டிய மனு உட்பட. நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. முடிந்தால் நில். அஞ்சலை வருவாளா என்பது தெரியாது. மேடைக்கு வரச்சொல்லிக் கூப்பிடக்கூடாது, பொன்னாடை கின்னாடை எல்லாம் வேண்டாம், உன் நண்பர்களிடம் சொல்லிவை. அவளாக எழுந்து வந்து பேசினால், என்ன பேசினாலும், என்ன சொல்லித் திட்டினாலும், யாரும் குறுக்கே போகக்கூடாது, மைக்கை வாங்கக்கூடாது. பெரியவரை இப்படிப் பேசலாமா என்று யாராவது எழுந்தால் நீதான் அவர்களை உட்காரவைக்க வேண்டும். நாலு முறை வந்தவளை நான் பேசவிடவில்லை. எவ்வளவு நேரமானாலும் அவள் பேசி முடிக்கட்டும். நான் நின்றே கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா